பிளான் சதக் போட்ட நான்கு தளங்கள்

கீழக்கரையில் சதக் என்ற பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஆளை அடையாளம் சொல்லப் பெயருக்கு முன்னால் ஏதாவது ஒட்டவேண்டும். சங்குக்கடை சதக், நெட்டை சதக், ரங்கூன் சதக் என்று பலர் இருந்தார்கள். நான் சொல்லப்போகிறவர் பிளான் சதக். காகிதத்தில் வீடு வரைகிறவர் என்பதால் வந்த பெயர்.

அவருடைய வாப்பா சங்கு வியாபாரி. கல்கத்தாவுக்குச் சங்கு அனுப்புவார், கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையும் உண்டு. இளைய மகன் வியாபாரப் படிப்புப் படித்து வரட்டும் என்று பம்பாய்க்கு அனுப்பினார். பையன் அங்கே போய்க் கடற்கரை ஓரமாக வரிசையாக எழுந்துகொண்டிருந்த வெள்ளை மாடி வீடுகளைப் பார்த்தான். தூண் இல்லை, சிற்பம் இல்லை. மூலையில் வளைந்து திரும்பும் சுவர், நீளமான பால்கனி, தட்டையான கூரை. அதைப் பார்த்துக் கிறங்கிப்போய், வீட்டுக்குச் சொல்லாமலே கட்டடக்கலைப் படிப்பில் சேர்ந்துவிட்டான். இரண்டு வருஷம் கழித்து விஷயம் தெரிந்தபோது வாப்பா ஒரே வரியில் கடிதம் எழுதினார்: ‘கொத்துவேலை படிக்க பம்பாய் வரைக்கும் போயிருக்க வேண்டாம், திருப்புல்லாணியிலேயே ஆள் உண்டு.’

படிப்பு முடிந்து பம்பாயிலேயே ஓர் அலுவலகத்தில் ஐந்து வருஷம் வேலை பார்த்தார் சதக். 1949இல் வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அண்ணன் கொழும்புக் கடையை விட்டு வரமுடியவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு அக்கரைக்கும் இக்கரைக்கும் பர்மிட், விசா என்று ஆகிவிட்டிருந்த காலம். ஆக, ஊர் திரும்பவேண்டியவர் சதக்தான். அடுத்த வருஷமே காலிதாவுக்கும் அவருக்கும் நிக்காஹ் ஆனது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போய் இருப்பான். அப்படி, ஊராருக்கு வீடு வரைய வந்தவர் தன் மனைவியின் வீட்டில் குடியேறினார். வாசலை ஒட்டிய சின்ன அறையில் சாய்வு மேசை ஒன்றைப் போட்டு, வெளியே ‘கட்டட நிபுணர்’ என்று போர்டு மாட்டினார். முதல் வாரம் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவருக்குச் சுவரில் ஒழுகல். இன்னொருவருக்குக் கோழிக்கூடு.

உண்மையான முதல் வேலை 1951இல் சீனி முகம்மது கொடுத்தது. சீனி முகம்மது கொழும்பில் கடை வைத்திருந்தவர், நாலு ஊர் பார்த்தவர். “பம்பாயில இருக்கிற மாதிரியே வேணும் தம்பி. ஊரே நின்னு பாக்கணும்” என்றார். சதக் மனதில் அடக்கிவைத்திருந்தது அத்தனையையும் அந்த வீட்டில் கொட்டினார். தெருப்பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். நடுமுற்றம் கிடையாது. முன்கூடத்தில் நின்றால் அடுப்படி வரை ஒரே பார்வை. ஊர் உண்மையிலேயே நின்று பார்த்தது. கப்பல் வீடு என்று பெயரும் வைத்தது.

ஆறு மாதம் கழித்து சதக் அந்தப் பக்கமாகப் போனார். கண்ணாடி ஜன்னல்களில் உள்பக்கமாகச் சாக்கு கட்டியிருந்தது. கூடத்தின் நடுவே கயிறு கட்டிப் போர்வை தொங்கவிட்டிருந்தார்கள். கொல்லையில் புதிதாக ஒரு கீற்றுக்கொட்டகை. பெண்கள் எல்லாரும் பகல் முழுக்க அதற்குள்தான் இருந்தார்கள்.

சதக்கின் முகத்தைப் பார்த்து சீனி முகம்மதுவுக்கே சங்கடமாகப் போயிற்று.

“வீட்டுல ஒரு குறையும் இல்ல தம்பி. பாக்க நல்லாத்தான் இருக்கு. இருக்கத்தான் ஏலல” என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த சதக் பம்பாயில் வரைந்த படங்களை எல்லாம் எடுத்துக் கட்டிப் பரணில் போட்டுவிட்டார் என்று காலிதா பின்னாளில் சொல்லுவார். ஊர்க்காரர்களுக்கு ரசனை இல்லை என்றுதான் அப்போது சதக் நினைத்தாராம். தன்மேல் பிழை இருக்கும் என்று தோன்றவில்லை. அதைத் தோன்றவைத்தவர் லத்தீபா.

லத்தீபாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் கொழும்பில். மூத்த மகள் நூர் நிஷாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மகளுக்கு வீடு கொடுக்கவேண்டும், தானும் அவளோடு அங்கேயே இருக்கவேண்டும். கடற்கரையை ஒட்டித் தாய்வழியில் வந்த மனை ஒன்று இருந்தது. அதில் வீடு கட்ட சதக்குக்குச் சொல்லியனுப்பினார். ஊரில் பலருக்கும் ஆச்சரியம். கப்பல் வீட்டுக் கதை தெரிந்த பிறகும் யாராவது அந்த ஆளைக் கூப்பிடுவார்களா?

சதக் போய்க் கூடத்தில் உட்கார்ந்தார். கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் லத்தீபா. முகம் தெரியாது, குரல் மட்டும்தான்.

“தம்பி, கப்பல் வீட்டுக்கு நானும் விருந்துக்குப் போயிருக்கேன். ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளுங்க ராத்தா.” அக்காவை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

“அந்த வீட்ட வரையுறதுக்கு முன்னால அங்கன இருக்கப்போற பொம்பளைக கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?”

சதக் எடுத்த பென்சிலைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்தார்.

“எங்க வீட்டுக்காரருக வருஷத்துல பத்து மாசம் கொழும்புல. பள்ளிவாசல், கடை, கடக்கரைன்னு ஆம்பளைகளுக்கு எடம் நெறைய இருக்கு. எங்களுக்கு வீடுதான் தம்பி ஊரு. எங்க ஊர நீங்க எங்கள கேக்காமக் கட்டிப்புட்டீக.”

அதட்டலாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னதாகத்தான் சதக்குக்குப் பட்டது. அதனால்தான் அது உறைத்தது.

அடுத்த பத்து நாளும் அவர் தினம் காலையில் வந்து திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். விடிந்ததும் என்ன செய்வீர்கள், எத்தனை பேர் சேர்ந்து சமைப்பீர்கள், பக்கத்து வீட்டுக்கு எந்த வழியாகப் போவீர்கள், மத்தியானம் எங்கே காற்று வரும் என்று ஒன்றொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு வரைந்து அனுப்பினார். படம் அப்படியே திரும்பி வந்தது.

“இந்தக் கோடெல்லாம் எனக்குப் புரியல தம்பி. சுவரு எங்கன வருதுன்னு நடந்து பாத்தாத்தான் தெரியும்.”

சதக் ஒரு நாள் யோசித்தார். பிறகு தலைமைக் கொத்தனார் பூமிநாதனைக் கூப்பிட்டார். பூமிநாதன் திருப்புல்லாணிக்காரர், சதக்கைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லாரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். இருவருமாக மனையைச் சுற்றித் தென்னங்கிடுகு வேலி அடைத்து, உள்ளே சுண்ணாம்புத் தூளால் முழு அளவில் வீட்டைத் தரையில் வரைந்தார்கள். ஒவ்வொரு அறைக்கும் கோடு, வாசலுக்கு இடைவெளி. வெள்ளிக்கிழமை ஆண்கள் எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருக்கும் நேரம் மனை காலியாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினார் சதக்.

அந்த மத்தியானம் நடந்ததை எனக்குச் சொன்னவர் லத்தீபாவின் இளைய மகள் நஃபீசா. அப்போது அவருக்கு ஒன்பது வயது. கொல்லைச் சந்து வழியாக நாலு வீட்டுப் பெண்கள் வந்தார்களாம். வெறும் தரையில் கோட்டுக்குள் கோட்டுக்குள்ளாக நடந்தார்கள். ‘இது அடுப்படி’ என்று மூன்று பேர் சேர்ந்து குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி திரும்பினால் இன்னொருத்தியின் இடுப்பில் இடித்தது. ஒரு மாமி வாசல் இடைவெளியில் போய் நின்று, ‘இங்கன நின்னு பாத்தா முத்தத்துல காயப்போட்ட துணி வரைக்கும் தெரியுதே’ என்று கத்தினார். லத்தீபா படுக்கை அறையில் மண்ணிலேயே மல்லாந்து படுத்து வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்தார். “உம்மா அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல” என்றார் நஃபீசா.

தொழுகை முடிந்து வந்த சதக் வேலியைத் திறந்தார். பாதிக் கோடுகள் காலால் அழிக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குப் பதிலாகக் கடல்கல்லும் சிப்பியும் வரிசையாக வைத்துப் புதுக்கோடு போட்டிருந்தார்கள். அடுப்படி இரண்டடி அகன்றிருந்தது. வாசல் ஒதுங்கியிருந்தது. பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு கதவு முளைத்திருந்தது. பூமிநாதன் பார்த்துவிட்டு, “மொதலாளி, இது உங்க பிளானைவிட நல்லாருக்கே” என்றார். சதக் கோபப்படவில்லை. நாடாவை எடுத்து அளக்கத் தொடங்கினார்.

தெற்கு மூலையில் குவித்துவைத்திருந்த கற்கள் மட்டும் அவருக்கு விளங்கவில்லை. மறுநாள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டார்.

“அது சுவரில்ல தம்பி. அது நான். அங்கன உக்காந்து ஓதவும் எழுதவும் எனக்குன்னு ஒரு எடம். எனக்குக் கடல் தெரியணும். கடலுக்கு நான் தெரியக்கூடாது.”

அந்த ஒரு மூலைக்காக சதக் ஒரு மாதம் உழைத்தார். செங்கல்லைச் சாய்த்துச் சாய்த்து அடுக்கி, உள்பக்கம் அகலமாகவும் வெளிப்பக்கம் குறுகலாகவும் துளைகள் விட்ட சுவர். பூமிநாதன் ஆறு தடவை அடுக்கிப் பிரித்தார். முடிந்ததும் உள்ளே உட்கார்ந்தால் தோணிப் பாய் ஒவ்வொன்றும் தெரிந்தது. வெளியே கடற்கரையில் நின்று பார்த்தால் துளைகள் மட்டும்தான் இருட்டாகத் தெரிந்தன. தெற்கிலிருந்து வரும் சோளகக் காற்று அந்தத் துளைகளில் நுழைந்து வீடு முழுக்க ஓடியது. வீடு வெள்ளையாக, தட்டையான கூரையோடு, ஒரு பூவேலை இல்லாமல் சதக் விரும்பிய மாதிரியேதான் இருந்தது. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கும் பொருந்தியது.

பிழை கூரையில் நடந்தது.

கூரைக்குக் கான்கிரீட் போடும் சமயம், 1953 ஐப்பசி. வைகையில் தண்ணீர் வந்துவிட்டது. பரமக்குடியிலிருந்து ஆற்று மணல் ஏற்றிவரும் வண்டிகள் நின்றுவிட்டன. நூர் நிஷாவின் கல்யாணத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. கூரைத் தளம் போட்டு மூன்று வாரமாவது ஈரம் காயாமல் தண்ணீர் விடவேண்டும். சதக் மணல்மேடு ஒன்றைப் பார்த்துவைத்திருந்தார், கடலிலிருந்து அரை மைல் உள்ளே. அந்த மணலை எடுத்து மூன்று முறை கிணற்றுத் தண்ணீரில் அலசச் சொன்னார்.

பூமிநாதன் அலசிய மணலில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார்.

“கரிக்குது மொதலாளி.”

சதக்கும் நாக்கில் வைத்துப் பார்த்தார். “ஒண்ணும் இல்லையே மேஸ்திரி.”

“உங்க நாக்கு கீழக்கரைத் தண்ணிக்குப் பழகுன நாக்கு. நான் ஊருணித் தண்ணி குடிக்கிறவன். எனக்குக் கரிக்குது.”

“சிமிண்டு எல்லாத்தையும் இறுக்கிப் பிடிச்சுக்கிடும். போடுங்க.”

“படிச்சவுக சொல்றீக. செய்யிறேன்.”

தளம் போட்டார்கள். கல்யாணம் அந்த வீட்டில்தான் நடந்தது. அடுத்த வருஷம் மழையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அது தாங்கியதைப் பார்த்து, ஹமீது சுல்தான் வீட்டுக்கும், கடைத்தெருவில் ஒரு வீட்டுக்கும், மண்டபத்தில் மீன் வியாபாரி தனுஷ்கோடி வீட்டுக்கும் அப்படியே கரை மணலை அலசிப் போட்டார் சதக். நான்கு தளங்கள். பூமிநாதன் இரண்டாவது வீட்டோடு சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

அந்த ஆறு வருஷம்தான் சதக்குக்கு நல்ல காலம். ராமநாதபுரத்திலிருந்து வக்கீல்கள் வந்து லத்தீபா வீட்டை வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் சுண்ணாம்புக் கோடு, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பெண்களின் திருத்தம் என்பது வழக்கமாகிவிட்டது.

1959 ஆனி மாதம், முற்பகல். லத்தீபா தெற்கு மூலையில் உட்கார்ந்து கணவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே தளத்தின் அடிப்பாகம் கதவு அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. தலை தப்பியது. வலது தோள்பட்டையில் இறங்கிக் காறை எலும்பு முறிந்தது.

சதக் ஓடிவந்தபோது லத்தீபாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கூடம் நிறைய ஆட்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார். கான்கிரீட்டுக்குள் இருக்கவேண்டிய கம்பிகள் வெளியே தெரிந்தன. துரு ஏறி ஏடு ஏடாக உரிந்திருந்தன. உப்பு கம்பியைத் தின்றிருக்கிறது, ஊதிய கம்பி சிமெண்டை வெடிக்கவைத்திருக்கிறது. அவருக்கு எல்லாம் ஒரே பார்வையில் விளங்கிவிட்டது.

“நான் அப்பவே சந்தேகப்பட்டேன்” என்றார் கூட்டத்தில் நின்ற சீனி முகம்மது. “மேஸ்திரி சிமிண்ட வித்துத் தின்னுருக்கான். பாதி மூட்டைகூடப் போட்டிருக்க மாட்டான்.”

சிமெண்டு பர்மிட்டில் மட்டும் கிடைத்து, கள்ளவிலைக்குப் போன காலம் அது. கேட்டவர்களுக்கு நம்ப எளிதாக இருந்தது. எல்லாரும் சதக்கைப் பார்த்தார்கள். ‘இல்லை’ என்று ஒரு சொல் போதும். அவர் அதைச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்.

ஐந்து நாள் அவர் வாயைத் திறக்கவில்லை. முதலில் மற்ற வீடுகளைச் சோதிக்கவேண்டும், நிச்சயம் தெரியாமல் எதையும் சொல்லக்கூடாது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். நிச்சயம் முதல் நாளே தெரியும். ஐந்தாம் நாள் வியாழக்கிழமை மத்தியானம் காலிதா சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னார்:

“கடைத்தெருவுல மேஸ்திரிய அடிச்சுட்டாகளாம். லத்தீபா ராத்தாவோட சொந்தக்காரர் யாரோ. கன்னத்துல.”

சதக்கின் கை பிசைந்த சோற்றிலேயே நின்றது.

“அந்த மனுசன் திருடுனாரா?” என்று கேட்டார் காலிதா.

“இல்ல.”

“அப்ப நீங்க ஏன் பேசாம இருக்கீக?”

அவர் கை கழுவிவிட்டு எழுந்தார். அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வெளிவாசலில் கூட்டம் கலைவதற்குள் சதக் படியில் நின்றார். மேடைப் பேச்சு தெரியாதவர்.

“ஒரு விஷயம் சொல்லணும். லத்தீபா ராத்தா வீட்டுத் தளம் விழுந்ததுக்குக் காரணம் மேஸ்திரி இல்ல. கரை மணல போடச் சொன்னது நான். உப்பு இருக்குன்னு அவர் சொன்னார். நாக்குல வச்சுக் காட்டினார். நான் கேக்கல. சிமிண்டு ஒரு பிடிகூடக் குறையல. நான் நின்னு அளந்து போட்டது.”

பிறகு ஹமீது சுல்தான் முன்னால் வந்தார். அவருக்கு அறுபது வயது; சதக் அவரை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“அப்ப எங்க வீடு?”

“உங்க வீட்டுலயும் அதே மணல்தான் காக்கா. அந்தப் பெரிய கூடத்துல இன்னைக்கே ஆளில்லாமப் பாத்துக்கிடுங்க. நான் முட்டுக் குடுக்கிறேன்.”

“சொன்னீரே, அதுக்கு அல்லா உமக்கு நல்லது செய்யட்டும். ஆனா எம் பேத்தி அங்கனதான் தொட்டில்ல கெடக்கா” என்று சொல்லிவிட்டு ஹமீது சுல்தான் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார்.

அன்றிலிருந்து போர்டுக்குக் கீழே யாரும் வரவில்லை. கையில் இருந்த இரண்டு வேலைகளும் போயின. வாப்பா வழியில் வந்த தென்னந்தோப்பை விற்று நான்கு தளங்களையும் மாற்றித் தருவதாக சதக் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். மூன்று பேர் ஒத்துக்கொண்டார்கள். மண்டபத்துத் தனுஷ்கோடி மட்டும் விரட்டிவிட்டார்.

“ஒரு கீறல் இருக்கா சொல்லு. நல்லா இருக்கிற வீட்ட இடிக்க வந்துட்டாரு!”

சதக் நாலு தடவை ரயிலேறிப் போனார். நாலாவது தடவை தனுஷ்கோடியின் மனைவி சேதுலட்சுமி பின்வாசல் வழியாக வந்து, “அந்த ரூமுல வலையையும் கூடையையும் போட்டுப் பூட்டிட்டேன் அண்ணே. புள்ளைகள விடமாட்டேன். நீங்க இனி அலையாதீக” என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தார். இரண்டு வருஷம் கழித்து அந்த அறையின் தளம் முழுசாக விழுந்தது. கூடைகள்தான் நசுங்கின.

லத்தீபா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு சதக் போய்க் கூடத்தில் உட்கார்ந்தார்.

“என்ன சொல்றதுன்னு தெரியல ராத்தா” என்றார் அவர்.

“ஒண்ணும் சொல்லவேண்டாம். வலி எனக்குத்தான் தெரியும். மறுபடியும் கான்கிரீட்டுத்தானா? எல்லாரும் ஓடு போடச் சொல்றாக” என்றார்.

“கான்கிரீட்டு மேல குத்தமில்ல. என் மேலதான் குத்தம். ஆத்து மணலும் நல்ல தண்ணியும் போட்டா இது நிக்கும். ஆனா உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா ஓடே போடுறேன்.”

“சுவரு நிக்குதே?”

“சுவரு நூறு வருஷம் நிக்கும்.”

“அப்ப மேல உங்க இஷ்டம். ஆனா மேஸ்திரிதான் போடணும். அவர எங்க ஆளு அடிச்சிருக்கான். அவர் வந்து இந்த வீட்டுல கரண்டிய வச்சாத்தான் எனக்கு நிம்மதி. நீங்க போயிக் கூட்டியாங்க.”

சதக் திருப்புல்லாணிக்கு சைக்கிளில் போனார். பூமிநாதன் வீட்டில் இல்லை. வாசலில் அவர் மனைவி பஞ்சம்மாள் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

“நான் பள்ளிவாசல்ல எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். மேஸ்திரி மேல தப்பில்லன்னு.”

“கேள்விப்பட்டோம்” என்றார் பஞ்சம்மாள், மிளகாயைக் கிளறிக்கொண்டே. “அடி விழுந்தது கடைத்தெருவுல. திருட்டுப்பட்டம் சுத்துறது எங்க ஊருல. நீங்க போயிப் பள்ளிவாசல்ல சொன்னா எங்க ஆளுக எவன் காதுல விழுந்துச்சு? நாலு மாசமா அவருக்கு ஒரு பய வேலை குடுக்கல.”

சதக்குக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. மறுநாள் விடிந்ததும் திருப்புல்லாணி டீக்கடைக்குப் போனார். கொத்தனார்களும் சித்தாள்களும் வேலைக்குக் கிளம்புமுன் கூடும் இடம் அது. பூமிநாதன் ஓரமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சதக் நின்றபடியே எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். மணல், நாக்கு, தான் சொன்ன பதில், பிறகு பேசாமல் இருந்த ஐந்து நாட்கள். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

சொல்லி முடித்த பிறகு பூமிநாதன் வாய் திறந்தார்.

“அஞ்சு நாளு ஏன் மொதலாளி பேசல?”

“பயந்துட்டேன்.”

“எதுக்கு?”

“எம் பேரு போயிருமேன்னு.”

“எம் பேரு போனாப் பரவாயில்லன்னு.”

சதக் தரையைப் பார்த்தார். “ஆமா மேஸ்திரி. அப்படித்தான் நெனச்சிருக்கேன்.”

பூமிநாதன் டீயைக் குடித்து முடித்து, தம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். வாரேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்துக் கீழக்கரைக்கு வந்து சதக் வீட்டு வாசலில் நின்றார்.

“மணலு பரமக்குடியிலருந்து வரணும். தண்ணி எங்க ஊரு ஊருணியிலருந்து வண்டியில வரணும். ரெண்டையும் நான் வாயில வச்சுப் பாப்பேன். நான் வேண்டாம்னா வேண்டாம். படிச்சிருக்கேன்னு சொல்லக்கூடாது.”

“சொல்லமாட்டேன்.”

அந்தத் தளங்களை உடைத்து எடுக்க ஆறு மாதமும் திரும்பப் போட எட்டு மாதமும் ஆயின. பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் ஆறு மைல் வண்டியில் வந்தது. இரண்டு வண்டி மணலைப் பூமிநாதன் நாக்கில் வைத்துத் துப்பிவிட்டுத் திருப்பியனுப்பினார். சதக் ஒரு வார்த்தை பேசவில்லை. கம்பிக்குக் கீழே முன்பு அரை அங்குலம் விட்ட இடத்தில் இப்போது ஒன்றரை அங்குலம் சிமெண்டு விட்டார்.

லத்தீபா வீட்டுத் தளத்துக்கு முதல் சட்டி கலவை கொட்டுகிற அன்று, பூமிநாதனை அடித்த ஆள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொன்னாரா என்று யாருக்கும் சரியாக ஞாபகமில்லை. அன்று முழுக்கச் சித்தாள்களோடு சேர்ந்து அவரும் சட்டி தூக்கினார் என்பது மட்டும் ஊருக்குத் தெரியும்.

வேலை முடிந்து சாவியைக் கொடுக்கப் போன சதக்கிடம் லத்தீபா கேட்டார்:

“தம்பி, இன்னும் ஒரு வேலை இருக்கு. இந்தக் கை இனிமே தோளுக்கு மேல தூக்க வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அலமாரி, கதவுத் தாழ்ப்பாள், கொடிக்கம்பி எல்லாம் எனக்கு எட்டாம இருக்கு. யாரையாவது கூப்பிட்டுக் கூப்பிட்டு எடுக்கவேண்டியிருக்கு.”

“எவ்வளவு உயரத்துக்கு எட்டும்னு தெரியணும் ராத்தா.”

லத்தீபா உள்சுவரில் கை எட்டும் மட்டும் நீட்டினார். நஃபீசா அந்த இடத்தில் கரித்துண்டால் கோடு போட்டு, நாடா பிடித்து அளந்து திரைக்கு உள்ளிருந்தே சொன்னார். மூன்றடி பத்து அங்குலம். சதக் எழுதிக்கொண்டார். அளவைச் சொல்லிவிட்டு நஃபீசா திரை இடுக்கால் பார்த்தபோது சதக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாராம். ஒரு வாரத்தில் வீட்டில் இருந்த ஒவ்வொரு தாழ்ப்பாளும் கொக்கியும் பலகையும் இறங்கின.

அதற்குப் பிறகு சதக்குக்குப் பழைய மாதிரி வேலைகள் வரவில்லை. வருஷத்துக்கு ஒரு வீடு, சில வருஷம் அதுவும் இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓட்டினார். அறுபத்திநாலு புயலுக்குப் பிறகு, வீடிழந்து மண்டபத்தில் வந்து தங்கியவர்களுக்குக் கொட்டகை போட அவரும் பூமிநாதனும் ஒரு மாதம் அங்கேயே கிடந்தார்கள். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் மறுபடி வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது மணலைப் பற்றித்தான். சதக் சலிக்காமல் எல்லாவற்றையும் சொல்வார், தான் செய்த பிழை உட்பட.

1966இல் பூமிநாதன் தனக்கு ஒரு வீடு கட்ட நினைத்தார். தட்டைக் கூரை போட்டு நல்லதாக வரைந்துதருகிறேன் என்று சதக் படத்தோடு திருப்புல்லாணிக்குப் போனார். பூமிநாதனுக்குப் படம் பிடித்துவிட்டது. பஞ்சம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

“இதுல மழைத்தண்ணி எங்கிட்டுப் போகும்? எனக்கு ஓட்டு வீடுதான் வேணும். மாட்டுக்கொட்டகை சமையல்கட்டுலருந்து தெரியணும்.”

“ஏய், மொதலாளி படிச்சவுக…” என்று ஆரம்பித்த பூமிநாதன் பாதியிலேயே நிறுத்திவிட்டார். சதக் சிரித்துவிட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்து ரொம்ப வருஷம் ஆயிற்று என்று பூமிநாதன் சொல்லுவார்.

பென்சிலை எடுத்து அங்கேயே, பஞ்சம்மாள் போட்ட பாயில் உட்கார்ந்து, கூரையைச் சாய்த்து வரைந்தார். மாட்டுக்கொட்டகையை மூன்று தடவை நகர்த்தினார். மூன்றாவது தடவைதான் பஞ்சம்மாள் சரி என்றார்.